25 ஆண்டு பழைய வீடு, மூன்று போர்ஷன், 75 சதவீதக் கடன்: வாடகை தாங்குமா?

மூன்றுவாசல்:

வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். கட்டி 25 ஆண்டு ஆகிறது. கீழே ஒரு போர்ஷன், மாடியில் இரண்டு, அதற்கு மேல் மொட்டைமாடி. மூன்றிலும் ஆள் இருக்கிறார்கள். எந்த நாணயமாக இருந்தாலும் விகிதம்தான் முக்கியம் என்பதால் நாணயத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் தருகிறேன்.

விலை 10,00,000. கையிருப்பு 2,50,000. கடன் 7,50,000, 20 ஆண்டு, 9 சதவீதம், மாறும் வட்டி. மாதத் தவணை 6,748. வாடகை போர்ஷனுக்கு 2,700 வீதம் 8,100. சொத்து வரியும் காப்பீடும் ஆண்டுக்கு 7,200. பொது விளக்கு, மோட்டார், தொட்டி கழுவுவது எல்லாம் 2,400. இவை போக மாதம் 552 மிஞ்சுகிறது. பெரிய லாபம் இல்லை என்று தெரியும், ஆனால் கையைக் கடிக்காது என்று நினைக்கிறேன்.

மூன்று கேள்விகள். இந்தக் கணக்கு சரியா? பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? மூன்றாவது: கீழ் போர்ஷன் படுக்கையறைக் கூரையில், சரியாக மாடி பாத்ரூமுக்கு அடியில், இரண்டு சாண் அகலத்துக்கு ஓதம் படிந்திருக்கிறது. மேலே டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் பூசினால் நின்றுவிடும் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதிவுச் செலவுக்கு, குடியிருப்பவர்கள் கொடுத்து வைத்திருக்கும் அட்வான்ஸ் என் கைக்கு வரும்போது அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

---

தவணைக்கணக்கு:

கணக்கில் பிழை இல்லை, பாதிதான் போட்டிருக்கிறீர்கள். வாடகை 12 மாதமும் வரும், எதுவும் உடையாது என்று வைத்துக்கொண்டால்தான் அந்த 552. ஒரு ஆண்டுக்கு விரித்துப் போடுவோம்.

முழு வாடகை: 97,200
காலியாகக் கிடக்கும் காலம் (போர்ஷனுக்கு ஆண்டில் ஒரு மாதம்): 8,100 கழிக்க, 89,100
வரி, காப்பீடு, பொதுச் செலவு 9,600 கழிக்க: 79,500
சிறு பழுதுகள், வாடகையில் 10 சதவீதம், 9,700 கழிக்க: 69,800
பெரிய மாற்றங்களுக்கான ஒதுக்கு, இன்னொரு 10 சதவீதம், 9,700 கழிக்க: 60,100
ஆண்டுத் தவணை: 80,976

துண்டு விழுவது 20,876. மாதம் 1,740 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வேறு விதமாகச் சொன்னால், தவணையும் எல்லாச் செலவும் வாடகையிலிருந்தே கட்டுப்படியாக வேண்டுமானால் வீடு 113 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். இருப்பதோ மூன்று போர்ஷன்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டுத் தவணையில் ஏறத்தாழ 14,000 அசலுக்குப் போகிறது, அது தொலைந்த பணமில்லை. ஆனால் கழிந்த அசலைக் காட்டி பிளம்பருக்குக் கூலி கொடுக்க முடியாது. நிலையான சம்பளம் இருந்து, மாதம் 1,740 போடுவதைச் சேமிப்பாக நினைக்க முடிந்தால் வாங்கலாம், தவறில்லை. வீடே வீட்டைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள்.

வாடகை எவ்வளவு கடனைத் தாங்கும் என்று பார்க்க, எல்லாச் செலவும் போக மிஞ்சுவதைத் தவணையால் வகுங்கள். 1.2 வந்தால் மூச்சு விடலாம். உங்களுக்கு வருவது 0.74. பெரிய மாற்றங்களுக்கான ஒதுக்கைக் கழிக்காமல் வகுத்தாலும் 0.86தான். 60,100ஐ 1.2ஆல் வகுத்து, மாதத் தவணையாக்கிப் பின்னோக்கிப் போனால் இந்த வீட்டு வாடகை தாங்கும் கடன் 4,64,000. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ஆயிரமும் சம்பளத்தின் தலையில். 9 சதவீத வட்டி, 75 சதவீதக் கடன், இதே செலவு விகிதம் என்றால், அந்த 1.2 வர மாத வாடகை விலையில் 1.3 சதவீதம் இருந்தாக வேண்டும். இங்கே இருப்பது 0.81. அடுத்த வீடு பார்க்கப் போகும்போது வாசலிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

அடுத்தது மாறும் வட்டி. பலரும் சறுக்குவது இங்கேதான். வட்டி ஏறினால் தவணை ஏறுமா, காலம் நீளுமா என்று கேட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தவணை ஏறாது, காலம்தான் நீளும் என்பது காதுக்கு இனிமையாக இருக்கும். 9 என்பது 10 ஆனால், அதே 6,748 கட்டிக்கொண்டிருந்தால் 240 மாதக் கடன் 314 மாதமாகிறது. ஒரு சதவீதத்துக்கு ஆறு ஆண்டு. 11 ஆனால் இன்னும் மோசம்: முதல் மாத வட்டியே 6,875, நீங்கள் கட்டுவது 6,748. மாதாமாதம் தவறாமல் கட்டியும் அசல் ஏறிக்கொண்டே போகும். 20 ஆண்டிலேயே முடிக்க வேண்டுமானால் தவணை 7,741 ஆகிவிடும். இன்றே அந்த 7,741ஐ வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். தாங்காது என்றால் கடன் அளவைக் குறையுங்கள்.

கடன் கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: வட்டி எந்த அடிப்படை விகிதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், அடிப்படைக்கு மேல் வைக்கும் கூடுதல் சதவீதம் கடைசி வரை அப்படியே இருக்குமா, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா. வாடகையை வருமானமாக எடுக்கும்போது முழுதாக எடுக்காமல் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டுதான் எடுப்பார்கள், அது எவ்வளவு என்றும் கேளுங்கள்.

5 ஆண்டு கழித்து விற்றுவிட்டால் ஆச்சு என்று ஒரு எண்ணம் இருந்தால்: 60 தவணையில் 4,04,880 கட்டியிருப்பீர்கள், கடனோ 6,65,300 நிற்கும். அசலில் கரைந்தது 84,700தான். ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்ட முடிந்தால் 20 ஆண்டில் மூன்றரை ஆண்டு குறையும். ஆனால் அதற்கு முன் ஆறு மாதத் தவணையும் செலவும், அதாவது 45,000 சுமார், தொடாமல் தனியாக இருக்க வேண்டும். வரிசை மாறக்கூடாது. கடனில் கொண்டுபோய்ப் போட்ட பணத்தை, மோட்டார் எரிந்த அன்று கேட்டால் திருப்பித் தர மாட்டார்கள்.

ஓதம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

ரசமட்டம்:

வெள்ளை சிமெண்ட் பூசினால் நிற்காது. வீடு கைமாறும் வரை மறைந்திருக்கும், அவ்வளவுதான். பாத்ரூமில் தண்ணீரைத் தடுப்பது டைல்ஸும் இல்லை, டைல்ஸ் இடுக்கும் இல்லை. அதற்கு அடியில் தளத்தின் மேல் போட்ட நீர்த்தடுப்புப் பூச்சு. அது போயிருந்தால் மேலே எதைப் பூசினாலும் ஒன்றுதான்.

ஆனால் அது போயிருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. மாடி பாத்ரூமிலிருந்து கீழே தண்ணீர் வர மூன்று வழி உண்டு: அழுத்தத்தோடு வரும் குழாய், வெளியேறும் குழாய், தரை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு. எது என்று பார்க்காமல் உடைத்தால் மூன்றுக்கும் செலவழித்து ஒன்றும் நிற்காமல் போகும்.

முதலில் கீழே கூரையில் ஓதத்தின் விளிம்பைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதுங்கள். கறை காய நாளாகும். அதனால் காய்ந்ததா என்று பார்க்காதீர்கள், கோட்டைத் தாண்டியதா, சொட்டு விழுகிறதா என்று பாருங்கள்.

பிறகு பாத்ரூமை யாரும் பயன்படுத்தாமல், வால்வு மட்டும் திறந்தபடி விடுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரடி இணைப்பு என்றால் மீட்டர் எண்ணைக் குறியுங்கள். எந்தக் குழாயும் திறக்காமல் மட்டம் இறங்கினால், கோடும் தாண்டினால், சுவருக்குள் போகும் அழுத்தக் குழாயில் ஓட்டை. சுடுநீர் குழாயை முதலில் சந்தேகப்படுங்கள். சூட்டில் நீண்டு குளிரில் சுருங்கி இணைப்புகள் தளர்வது அதில்தான் அதிகம். பிளஷ் தொட்டியையும் மறக்காதீர்கள். அதில் கொஞ்சம் உணவுச் சாயம் கலந்து அரை மணி நேரம் விட்டால், கிண்ணத்தில் நிறம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். தொட்டி மட்டம் இறங்கியதற்கு அது மட்டுமே காரணமாக இருந்தால் வாஷர் மாற்றுவதோடு தீர்ந்தது.

மட்டம் இறங்கவில்லையா? தரையை நனைக்காமல், ஒரு ஹோஸை நேராகத் தரை ட்ராப்பின் (குளித்த தண்ணீர் வெளியேறும் தரைத் துளை) வாய்க்குள் விட்டு, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை இரண்டு வாளி ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் கீழே சிவப்பு வந்தால் வெளியேறும் குழாயின் இணைப்பு.

அதுவும் இல்லையென்றால் ட்ராப்பைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, வேறு நிறச் சாயம் கலந்து 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் வையுங்கள். வாசல்படி உயரத்தை முன்பே அளந்துகொள்ளுங்கள், அறைக்குள் வழிந்துவிடும். இப்போது நிறம் வந்தால் தரைப் பூச்சு, அல்லது ட்ராப்பைச் சுற்றி நிரப்பிய இடம். பெரும்பாலும் இரண்டாவதுதான். தளம் போட்ட பிறகு ஓட்டை போட்டு ட்ராப்பை வைத்து, சாதாரணக் கலவையால் அடைத்திருப்பார்கள். அது காயும்போது சுருங்கி, சுற்றிலும் முடி அளவு இடைவெளி விடும். குளிக்கிற தண்ணீர் முழுதும் தேடிப் போய்ச் சேருகிற இடம் அது.

தரைதான் என்றால் அரைகுறை வேலை கூடாது. டைல்ஸும் அதன் அடி நிரப்பும் எடுத்துத் தளம் தெரிய வேண்டும். ட்ராப்பைச் சுற்றி 50 மில்லிமீட்டர் கொத்தி, சுருங்காத கிரவுட் (நிரப்புக் கலவை) ஊற்ற வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலைகளில் கலவையால் சிறு வளைவு கொடுக்க வேண்டும்; செங்குத்து மூலையில் பூச்சு வெடிக்கும். தூசி போகக் கழுவிய பின் பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு இரண்டு கை, முதல் கை நெடுக்கில் என்றால் இரண்டாவது குறுக்கில். சுவரில் 300 மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும், ஷவர் பக்கச் சுவரில் 1,800. காய்ந்ததும் ட்ராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ். தரைச் சரிவு ட்ராப்பை நோக்கி 80க்கு 1. இந்த 48 மணி நேரத்தைத்தான் எல்லாரும் விழுங்குவார்கள், கொத்தனார் இரண்டு நாள் சும்மா நிற்க வேண்டுமே என்று. கூலியைக் கொடுத்தாவது நிறுத்தி வையுங்கள். பூச்சு முடிந்த பிறகு பிளம்பர் வந்து தரையோரம் டிரில் போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடலாம்: தரை உயரும், எடை கூடும், ஓட்டை அப்படியே இருக்கும்.

கீழே கூரையை மறக்கக்கூடாது. ஓதம் பட்ட இடத்தைச் சுற்றிச் சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் சரி, பொத்தென்று கேட்டால் காரை விட்டுவிட்டது. உள்ளே கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும், அதுதான் கான்கிரீட்டைத் தள்ளிக் கீழே விழ வைக்கிறது. தளர்ந்ததை உடைத்துவிட்டு, புதிதாக உடைந்த முகத்தில் பினால்ஃப்தலீன் கரைசல் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். காரத்தன்மை போன கான்கிரீட் நிறம் மாறாது. அங்கே கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. செய்ய வேண்டியது: கம்பியின் பின்பக்கமும் விரல் போகும் அளவுக்குக் கொத்தி, துருவைக் கம்பி பிரஷால் பளபளவென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் மூடுவது. கம்பி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தால் கொத்தனார் வேலை இல்லை, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். துருவின் மேலேயே பூசி வெள்ளையடித்த கூரை ஒன்றிரண்டு மழைக்காலம் தாங்கும். பிறகு கட்டிலில் விழும்.

பராமரிப்புக்கு வருகிறேன். தவணைக்கணக்கு சொன்ன சிறு பழுது 10 சதவீதம் சரி. பெரிய வேலைக்குச் சதவீதம் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் வாங்கும் வாடகை எவ்வளவு என்று மொட்டைமாடிக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் மாற்றும் செலவையும் ஆயுளையும் எழுதி வகுங்கள். உங்கள் எண்களின் அளவுக்கு ஏற்ற உதாரணம், உள்ளூர்க் கூலியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்: மொட்டைமாடி நீர்த்தடுப்பு 24,000, ஆயுள் 8 ஆண்டு, ஆண்டுக்கு 3,000. வெளிப்புறப் பெயிண்ட் 15,000, 6 ஆண்டு, 2,500. குழாய்கள் முழுதும் 50,000, 25 ஆண்டு, 2,000. மோட்டார் 4,000, 8 ஆண்டு, 500. மூன்று பாத்ரூம் 24,000, 15 ஆண்டு, 1,600. கூட்டினால் 9,600. தவணைக்கணக்கின் எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது என்று சிரிக்கலாம். ஆனால் விஷயம் கூட்டுத்தொகையில் இல்லை. 25 ஆண்டு வீட்டில் இந்தக் குழாய்களின் ஆயுள் ஏற்கெனவே ஓடிவிட்டது. இன்றிலிருந்து ஆண்டுக்கு 2,000 சேர்த்தால் 50,000 சேர 25 ஆண்டு ஆகும், குழாய் அதுவரை காத்திருக்காது. ஓடிப்போன ஆயுளுக்கான பணத்தை விற்பவர்தான் தர வேண்டும், விலைக் குறைப்பாக. பாத்ரூம்கள் கட்டியபோது போட்டவையே என்றால் அந்த 24,000மும் முழுதாக. மொட்டைமாடிப் பூச்சு போட்டு 6 ஆண்டு என்றால் முக்கால் பங்கு 18,000. ஆக 92,000. பேரம் பேசும்போது "கொஞ்சம் குறையுங்கள்" என்று கேட்பதைவிட இந்தத் தாளை நீட்டுவது மேல்.

குழாய் ஜி.ஐ.யா (துத்தநாகம் பூசிய இரும்பு) என்று காந்தம் வைத்துப் பாருங்கள். ஜி.ஐ. என்றால் உள்ளே துரு படிந்து துவாரம் சுருங்கியிருக்கும். காலையில் முதல் வாளி பழுப்பாக வருகிறதா, மாடியில் இரண்டு குழாயைச் சேர்த்துத் திறந்தால் இரண்டாவது நூலாக வருகிறதா என்று பார்த்தாலே போதும்.

---

மூன்றுவாசல்:

இருவருக்கும் நன்றி. 92,000 என்ற எண்ணை இதுவரை யோசிக்கவே இல்லை. மாடியில் குடும்பம் இருக்கிறது, பாத்ரூமைப் பல நாள் பூட்டச் சொல்ல முடியாது. அதற்கு என்ன வழி? ஏற்கெனவே இருப்பவர்களோடு வீட்டை வாங்கும்போது வேறென்ன பார்க்க வேண்டும்? மின்சார வயரிங் பற்றி யாரும் சொல்லவில்லை.

---

சாவிக்கொத்து:

சோதனைக்கு: குழாய்ச் சோதனையை இரவு 10லிருந்து காலை 5 வரை வையுங்கள், யாருக்கும் தொந்தரவில்லை. ட்ராப் சோதனைக்குப் பகலில் நாலு மணி நேரம் போதும். தண்ணீர் தேக்குவதற்கு மட்டும் ஒரு நாள் வேண்டும், அதை அவர்கள் ஊருக்குப் போகும் நாளில் வைத்துக்கொள்ளலாம். மாடியில்தான் இரண்டு போர்ஷன் இருக்கிறதே, பக்கத்துப் போர்ஷனில் கேட்டும் பார்க்கலாம்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், யாரும் அதைத் தொடவில்லை. அது உங்கள் பணம் இல்லை. என்றைக்குக் காலி செய்கிறேன் என்கிறார்களோ அன்றைக்குக் கையில் வைக்க வேண்டிய கடன், வட்டியில்லாக் கடன் என்பது மட்டும் வித்தியாசம். பதிவுச் செலவில் போட்டுவிட்டால், மூன்று பேரில் ஒருவர் போகும்போது அடுத்தவரிடம் வாங்கி இவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அடுத்தவர் வர இரண்டு மாதம் ஆனால்? பல இடங்களில் அதைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று சட்டமே உண்டு, உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விதி இல்லாவிட்டாலும் தனிக் கணக்கிலேயே வையுங்கள்.

விற்பவர் சொல்லும் அட்வான்ஸ் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்திரத்துக்கு முன் மூன்று குடும்பத்திடமும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: மாத வாடகை, கொடுத்த அட்வான்ஸ், எந்தத் தேதி வரை வாடகை கட்டியாயிற்று, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, விற்பவர் வாய்மொழியாக ஏதாவது சொல்லியிருக்கிறாரா, ஃபேன், கீசர், அலமாரி யாருடையது. சில சமயம் வாடகையில் பாதியை அட்வான்ஸில் கழித்துக்கொண்டிருப்பார்கள், வாங்குபவருக்குத் தெரியாது. அந்தத் தாளில் உள்ள தொகையை விலையில் கழித்தோ தனியாகவோ பத்திரத்தன்றே வாங்கிவிட வேண்டும்.

வயரிங்: முதலில் போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாதாமாதம் பஞ்சாயத்துதான். விநியோகப் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்க வேண்டும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கர் வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டின் காப்பையும் (இன்சுலேஷன்) அளக்கச் சொல்லுங்கள், 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை நம்ப வேண்டாம். எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள். மூன்று துளை பிளக் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பல பழைய வீடுகளில் அந்த மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. கீசரும் ஏ.சி.யும் விளக்கு சர்க்யூட்டிலிருந்து இழுக்கப்பட்டிருந்தால் தனி வயர் போட்டாக வேண்டும்.

கீசரில் அழுத்தம் விடும் வால்வு சொட்டுகிறது என்று யாராவது அடைத்து வைத்திருப்பார்கள். அது குண்டு வைப்பதற்குச் சமம். வால்வை மாற்றுங்கள், அடைக்காதீர்கள். உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும். கரைந்து முடிந்ததும் தொட்டி துருப்பிடிக்க ஆரம்பிக்கும். எரிவாயு கீசர் என்றால் புகைக்குழாய் வெளியே போகிறதா என்பதை முதல் வேலையாகப் பாருங்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வாடகை பற்றி ஒன்று. பழைய ஆட்களிடம் மாதம் 100 ஏற்றிக் கேட்கத் தோன்றும். ஆண்டுக்கு 1,200. அதற்காக ஒரு குடும்பம் கிளம்பி, போர்ஷன் இரண்டு வாரம் காலியாக இருந்தால் 1,246 போய்விடும், பெயிண்டும் கமிஷனும் தனி. ஒழுங்காகக் கட்டுபவரை விலை கொடுத்தாவது வைத்துக்கொள்ளலாம். குழாய் சொட்டுகிறது என்று அவர் சொன்ன அன்றே ஆள் அனுப்புவதும் அந்த விலையில் சேர்த்தி. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 20 லிட்டர் சுமார். தண்ணீர் போவதைவிட, சொல்லியும் வரவில்லை என்று அவர் அடுத்த பழுதைச் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. கூரையில் கறை இரண்டு சாண் ஆன பிறகுதான் உங்களுக்குத் தெரிய வரும்.

ஆள் மாறும்போது வேலை வரிசை: ஒழுகல், மின்சாரம், காரை ஒட்டு, கடைசியில் பெயிண்ட். தலைகீழாகச் செய்தால் பெயிண்ட் இரண்டு முறை. பெயிண்டின் நிற எண்ணை மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்தால், அடுத்த முறை ஒரு சுவரை மட்டும் அடித்து முடிக்கலாம்.

---

தவணைக்கணக்கு:

ரசமட்டம் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், சதவீதம் முதல் பார்வைக்கு மட்டும்.

மூன்றுவாசலுக்கு: 92,000 குறைந்து 9,08,000க்கு முடிந்தாலும், அந்த 92,000 வேலை உங்கள் தலையில்தான் வருகிறது. ஆகக் கைக்காசு, கடன், பழுது மூன்றும் சேர்த்து அதே 10 லட்சம். 4,64,000 கடன் போக 5,36,000 வேண்டும். கையில் 2,50,000. இந்த இடைவெளியைத் தனிநபர் கடன் வாங்கி நிரப்பாதீர்கள். வீட்டுக் கடனைவிட வட்டி அதிகம், காலம் குறைவு, தவணை இரண்டு மடங்கு குத்தும். ஒரு பங்காளியைச் சேர்ப்பது ஒரு வழி, அப்படியானால் யார் எவ்வளவு போட்டார், விற்கும்போது எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலக நினைத்தால் மற்றவர் என்ன விலைக்கு வாங்குவது என்பதைப் பத்திரத்துக்கு முன் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஓதத்தையும் குழாயையும் காட்டி விலையை இன்னும் இறக்குவது. இரண்டும் நடக்காவிட்டால் 0.81 சதவீத வாடகை உள்ள வீட்டை விட்டுவிட்டு வேறு பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

---

மூன்றுவாசல்:

முன்பணம் கொடுக்காமல் சோதனைக்குப் பத்து நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன், விற்பவர் சரி என்றார். பென்சில் கோடு போட்டாகிவிட்டது. ஒரு சந்தேகம்: அதே கீழ் போர்ஷனில், வெளிச்சுவர் ஓரம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. அதுவும் பாத்ரூம் தண்ணீர்தானா?

---

ரசமட்டம்:

இருக்காது. தரையிலிருந்து ஒரு முழம் வரை மட்டும், மேல் விளிம்பில் உப்போடு என்றால் மண்ணிலிருந்து சுவர் வழியாக ஏறும் ஓதம். முதலில் வெளியே போய்ப் பாருங்கள்: வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா, பூச்செடித் தொட்டி சுவரை ஒட்டி இருக்கிறதா, மாடித் தண்ணீர்க் குழாய் அந்த மூலையில் நேராகத் தரையில் கொட்டுகிறதா? பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும். அதைச் சரிசெய்தாலே பாதி இறங்கிவிடும்.

அறையின் ஈரக்காற்றா, சுவரின் ஈரமா என்ற சந்தேகம் இருந்தால், ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் 24 மணி நேரம் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் சுவர். வெளிப்பக்கம் வியர்த்தால் காற்று, ஜன்னலைத் திறந்தால் போதும். உப்பை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், மறுபடி உள்ளே இறங்கும். காய்ந்த பிரஷால் தட்டி, தூளை அள்ளி வெளியே போடுங்கள். சுவர் முழுதாகக் காயும் வரை பெயிண்ட், புட்டி எதுவும் வேண்டாம். கூரையில் எழுதியதுபோல இங்கும் உப்பின் மேல் விளிம்பில் ஒரு கோடும் தேதியும் போட்டு விடுங்கள்.